மூன்று டைலும் ஒரு கையெழுத்தும்

விடைக்கு வேண்டியதையெல்லாம் ஒளிக்காமல் வழியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். பொறுக்கிக்கொண்டே வாருங்கள். கடைசியில் "இதை எங்கே சொன்னீர்கள்?" என்று என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

தென்காசிப் பக்கம் பூவாணிக்குளம் பேரூராட்சியில் இன்ஜினியர் இசக்கியம்மாள். ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரசவ வார்டு கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கே எட்டாம் மாதம். சுவரும் கூரையும் முடிந்து தரை மட்டும் பாக்கி. அது முடிந்தால் அவள் பிரசவம் அந்த வார்டிலேயே. முடியாவிட்டால் குண்டும் குழியுமான சாலையில் நாற்பது கிலோமீட்டர் ஆம்புலன்ஸில் குலுங்க வேண்டும். அந்தச் சாலை தன் பொறுப்பில் இல்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

தன் பணத்தில் வார்டைக் கட்டிக் கொடுப்பவர் குற்றாலலிங்கம், கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதிக் கொடுத்த நிபந்தனை இரண்டே வரி. "வார்டுக்குப் போகிற எல்லாப் பொருளும் நம் நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த லிஃப்டை நினைத்துக்கொள்ளவும்."

அந்த லிஃப்டை யார் மறந்தார்கள்! ஆஸ்பத்திரியின் மாடிக்கு ஆசை ஆசையாக அவரே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. மூன்றாம் மாதம் உள்ளங்கை அகலப் பல்சக்கரம் ஒன்று உடைந்தது. செய்தவன் ஏதோ ஒரு தேசத்தில். மாற்றுச் சக்கரம் வரப் பதினாலு மாதம். அதுவரை நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்துப் பல்லக்கு மாதிரி மாடிக்குத் தூக்கினார்கள். ஆகவே இந்த முறை நிபந்தனை மீறினால் மனிதர் வேலையை அப்படியே நிறுத்திவிடுவார். தரைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டியவள் இசக்கியம்மாள்.

மூன்று பேர் டைல் காட்டினார்கள்.

முதலில் ஆவுடையப்பன். அட்டைப்பெட்டி முழுக்க வயலும் காளையும். மேலே கொட்டை எழுத்தில் "நம்ம மண் டைல்ஸ்". இசக்கியம்மாள் பெட்டியைத் திருப்பினாள். அடியில் பொடி எழுத்தில் "பேக் செய்த இடம்: தூத்துக்குடி" என்று இருந்தது. டைலைத் திருப்பினாள். பின்பக்கம் நடுவில் அரத்தால் தேய்த்த தழும்பு. இன்னொன்று, அதிலும் அதே இடத்தில் தழும்பு. பெட்டியிலிருந்த பத்திலும் அப்படியே.

"லாரியில உரசிருக்கும் மேடம்" என்றார் ஆவுடையப்பன்.

"பத்து டைலும் ஒரே இடத்துலயா உரசும்?"

அவர் காளைப் படத்தைத் தடவினார்.

இரண்டாவது அந்தோணிராஜ். குஜராத்தில் செய்த டைல். தொழிற்சாலையின் பெயர், முத்திரை, ரசீது எல்லாம் அப்பழுக்கில்லை. பளபளப்பில் முகம் தெரிந்தது. "புத்தம் புது டிசைன் மேடம். வேணும்னா இப்பவே எடுத்துக்கணும். நாலு மாசத்துக்கு ஒரு தடவை அவன் டிசைனையே மாத்திருவான், பழசு திரும்ப வராது" என்றார் பெருமையாக.

மூன்றாவது முகைதீன் பாத்து. சந்தைக்குப் பின்னால் பூப்போட்ட சிமெண்ட் டைல் பட்டறை வைத்திருக்கும் பெண்மணி. பட்டறை ஆபீசுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததுமே வீங்கிய காலுக்கு ஜில்லென்று இருந்தது இசக்கியம்மாளுக்கு. அங்கே தரை முழுக்க வெள்ளையில் காவிப் பூ. நடுவில் ஒரு டைல் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று தெரிந்தது.

"அது போன வருஷம் அம்மிக்குழவி விழுந்து உடஞ்சிது. அதே அச்சுல ஊத்தி மாத்திட்டேன். மத்ததுக்கெல்லாம் பதினெட்டு வயசு" என்றார் முகைதீன் பாத்து. பிறகு வார்டுக்கென்று செய்து வைத்திருந்த மாதிரியை நீட்டினார். வெள்ளையில் நீலப் பூ. அவ்வளவு அழகு! இசக்கியம்மாள் அந்த இடத்திலேயே சொக்கிப்போனாள்.

"அக்கா, இது எல்லாமே உள்நாடுதானே?"

"பொய் சொல்ல மாட்டேன்மா. மணல், சிமெண்ட், காவிப் பொடி எல்லாம் நம்ம நாட்டுச் சரக்கு. இந்த நீலப் பொடி மட்டும் கப்பல்ல வருது. ஒரு டைலுக்கு ஒரு சிட்டிகைதான்."

இசக்கியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஒரு சிட்டிகையை முகைதீன் பாத்து சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

மறுநாள் மூவரும் அவள் மேஜை முன்னால் நின்றார்கள். "பெட்டி இங்க போட்டதுதானே மேடம், அதுவும் வேலைதானே?" என்றார் ஆவுடையப்பன். "அக்கா வாயாலேயே சொல்லிட்டாங்க, நீலம் வெளிநாடுன்னு. மிச்சம் இருக்கிறது நான்தான்" என்றார் அந்தோணிராஜ். மூவருமே இருபது நாளில் தரை போட்டு முடிக்கச் சம்மதம் என்றார்கள். இசக்கியம்மாள் வயிற்றில் ஒரு கையும் பேனாவில் ஒரு கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

நிபந்தனையின் இரண்டு வரியும் நிற்க வேண்டும். வார்டும் திறக்க வேண்டும். இப்போது சொல்லுங்கள், அவள் யாருடைய டைலுக்குக் கையெழுத்துப் போட்டால் சரி?

விடை: ஆவுடையப்பனின் டைலில் அரத்தால் அழித்தது வெளிநாட்டு முத்திரையை; அவர் சரக்கில் நம் நாட்டில் செய்தது அட்டைப்பெட்டி மட்டும். அந்தோணிராஜின் டைல் முதல் வரிக்குப் பொருந்தும். ஆனால் ஒன்று உடைந்தால் அந்த டிசைனே இருக்காது, மறுபடியும் லிஃப்ட் கதைதான். முகைதீன் பாத்துவின் டைலில் இடிப்பது நீலம் ஒன்றே. அதை விட்டுவிட்டால்? "அக்கா, உங்க ஆபீஸ்ல கிடக்கிற காவிப் பூவையே போடுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள் இசக்கியம்மாள். நீல ஆசையைக் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்துத் தீர்த்துக்கொண்டாள். அவளுக்கு மகள் பிறந்த அன்று வார்டில் இரும்புக் கட்டில் ஒன்று சாய்ந்து ஒரு டைல் உடைந்தது. முகைதீன் பாத்துவுக்குப் போன் போனது. கூடுதலாக ஊற்றி வைத்திருந்த அதே பூப்போட்ட டைல் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது, குழந்தை பார்க்க வந்திருந்த குற்றாலலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினாலு நிமிடம் ஆகியிருந்தது.