மயில் பெருக்கிய வாசல்

காட்டின் நடுவில் ஒரு குட்டை இருந்தது. கோடையில் மற்ற நீர்நிலைகள் வற்றினாலும் அது வற்றாது. அதனால் எல்லா விலங்குகளும் அங்கேதான் தண்ணீர் குடிக்க வந்தன. சிறுத்தையும் அங்கேதான் வந்தது.

குட்டைக் கரையில் களிமண். வந்தவர் தடமும் போனவர் தடமும் அதில் பதியும். அந்தத் தடங்களே அந்தக் காட்டின் எழுத்து. அதை வாசிக்கும் உரிமை தன் ஒருவனுக்கே என்று நரி சொல்லிவைத்திருந்தது. தினமும் காலையில் கரையைப் பார்த்து, சிறுத்தை வந்து போய்விட்டது, குடிக்கலாம் என்று சொல்லும். அல்லது, கோரைப் புல்லுக்குள் படுத்திருக்கிறது, கிட்டே வராதீர்கள் என்று சொல்லும். இதற்கு அது கூலி கேட்கவில்லை. கும்பிடு கேட்டது. தாகம் எடுத்த தலை சுலபமாகக் குனியும்.

சில நாள் நரி, சிறுத்தை படுத்திருக்கிறது என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, ஆளில்லாத கரையில் தான் மட்டும் நண்டு பிடித்துத் தின்றது. மரத்திலிருந்த குரங்கு அதைப் பார்த்துவிட்டது. கூட்டம் கூடியது. எங்கள் பிள்ளைகளுக்கும் எழுத்து வேண்டும் என்று விலங்குகள் கேட்டன. நரி சிரித்தது. விலங்குகள் கும்பிடுவதை நிறுத்தின. நரியும் தடம் வாசித்துச் சொல்ல மறுத்ததால் இரண்டு கோடை தாகத்தில் கிடந்தன. இரண்டு மான்கள் செத்தன. மூன்றாம் கோடையில் நரி இறங்கி வந்தது; மணல்மேட்டில் பள்ளி வந்தது. நரிக்குத் தெரியாமல் அதன் பின்னால் திரிந்து எழுத்துக் கற்றிருந்த முள்ளம்பன்றி ஆசிரியரானது.

பள்ளி திறந்த அன்று விலங்குகள் ஆடிப் பாடின. மறுநாள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டன. இனி எல்லாம் முள்ளம்பன்றி பாடு என்றன. பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை கரையில் நரியே வாசிக்கட்டும் என்றும் விட்டுவிட்டன.

வண்ணமுத்து என்ற மயில் தன் மகன் சுடரைப் பள்ளியில் சேர்த்தது. அந்த மயிலுக்குத் தன் தோகையில் பெருமை. தினமும் தோகையால் வாசலைப் பெருக்கும். ஒரு கோழித்தடம்கூட அங்கே மிஞ்சாது. மகன் தரையைப் பார்த்து நடந்தால், "தலையைத் தூக்கி நட. மயில் பிறவி மண்ணைப் பார்க்குமா?" என்று அதட்டும். படிப்பு பள்ளியோடு, வீடு வீடாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. விருந்தாளி வந்தால் மட்டும் மகனைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லும். சுடரும் தடங்களின் பெயரை எல்லாம் வரிசை மாறாமல் ஒப்பிக்கும்.

பக்கத்துப் புதரில் மாரி என்ற முயல் இருந்தது. அதற்கு எழுத்துத் தெரியாது. மாலையில் மகள் பவுனு பள்ளியிலிருந்து வந்ததும், வாசல் புழுதியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும். "இன்னைக்கு நம்ம வாசலுக்கு யார் வந்தது?" என்று கேட்கும்.

பவுனு முதலில் நிறையத் தப்புச் செய்தது. கௌதாரியைக் கீரி என்றது. தப்பா சரியா என்று தாய்க்குத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும், "எப்படித் தெரியும்? காட்டு" என்று மட்டும் கேட்டது. காட்டப் போகும்போது பவுனு தன் தப்பைத் தானே கண்டுகொள்ளும். சில நாள் அலுப்பாக இருக்கிறது என்று எழுந்து ஓடப் பார்க்கும். அப்போது மாரி, நேற்று அந்த அணில் பாதி வழியில் நின்றதே, ஏன் நின்றது, அப்புறம் எங்கே போனது என்று கேட்கும். கேட்பதற்குக் காரணம் தந்திரம் இல்லை. அதற்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

மாரியின் புழுதி வாசலை மயில் கேலி செய்தது. "துடைப்பம் இல்லையென்றால் என் தோகையை இரவல் வாங்கிக்கொள், மாரக்கா."

"வாசலைப் பெருக்கிட்டா என் மக எதைப் படிப்பா?" என்றது மாரி.

கும்பிடு போன கோபம் நரிக்கு ஆறவில்லை. அது சிறுத்தையிடம் போய்ப் பேசியது. நீ கோரைக்குள் இருக்கும்போதே கூட்டத்தைக் கரைக்கு இறக்குகிறேன், தின்ற மிச்சத்தை எனக்குக் கொடு என்றது. சிறுத்தை ஒப்புக்கொண்டது.

மறுநாள் காலையில் விலங்குகள் கரைக்கு வந்தன. சிறுத்தை வந்து வடக்கே போய்விட்டது, பயமில்லாமல் குடியுங்கள் என்றது நரி.

தன் பிள்ளையும் வாசிக்கும் என்று மயில் சுடரை முன்னால் தள்ளியது. சுடர் ஒரு தடத்தைப் பார்த்து, "நான்கு விரல். நகம் பதியவில்லை. சிறுத்தை" என்றது. சரியாகத்தான் சொன்னது. எந்தப் பக்கம் போனது என்று யாரோ கேட்டதும் விழித்தது. நரி அதன் முதுகைத் தட்டி, படித்த பிள்ளை என்று பாராட்டியது. மயில் தோகையை விரித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தது.

"அம்மா, போகாதே" என்றது பவுனு. "சிறுத்தை உள்ளேதான் இருக்கு."

நரி மாரியைப் பார்த்தது. "ஏன் மாரக்கா, உனக்கு எழுத்துத் தெரியுமா?"

"தெரியாது" என்றது மாரி. பிறகு மகள் பக்கம் திரும்பியது. "எப்படித் தெரியும்? காட்டு, பவுனு."

பவுனு ஓடிப்போய்க் காட்டியது. "வடக்கே போன தடம் காய்ஞ்சிருக்கு. அது மேல எறும்புச் சாரை போயிருக்கு. அது நேத்து வச்ச தடம். கோரைக்குள்ள போற தடத்துல இன்னும் தண்ணி ஊறுது. உள்ளே போனது இருக்கு. திரும்பி வந்தது இல்லை."

எல்லா விலங்குகளும் முதல்முறையாகத் தரையைப் பார்த்தன. எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. மயில் மட்டும் திரும்பவில்லை. ஒரு முயல்குட்டி சொல்லி மயில் நிற்பதா?

கோரை அசைந்தது. சிறுத்தை பாய்ந்தது. மயில் எம்பிப் பறந்தது. உயிர் தப்பியது. தோகை சிறுத்தையின் வாயில் நின்றது.

அந்தக் கலவரத்தில் நரி ஓடிவிட்டது. அது எந்தப் பக்கம் ஓடியது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் களிமண்ணைப் பார்த்துச் சொன்னார்கள்.

தோகையில்லாத மயிலால் வாசலைப் பெருக்க முடியவில்லை. புழுதி சேர்ந்தது. புழுதியில் தடங்கள் சேர்ந்தன. ஒரு மாலை மயில் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பிறகு தலையைக் குனிந்து, "இது யார் தடம்?" என்று கேட்டது. சுடர் சொன்னது.

"எப்படித் தெரியும்? காட்டு" என்றது மயில்.

அடுத்த மழைக்குத் தோகை மறுபடி முளைத்தது. வாசலை மட்டும் அது பெருக்கவில்லை.

பள்ளியைக் கூட்டம் கூடிப் போராடி வாங்கிவிடலாம்; அங்கே கற்ற எழுத்து பிள்ளையிடம் தங்க வேண்டுமானால், வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.