சரியான அளவு

“இதை எப்போ விடப்போறோம், டாக்டரம்மா?”

மலையடிவாரக் குரங்குக் காப்பகத்தில் மாசிலாமணி இதைக் கேட்காத நாளில்லை. ஆஸ்பத்திரியில் மனிதர் ரத்தத்தைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். குரங்கு வைத்தியம் கற்க, தன்னைவிட இளையவளான கமலினியிடம் வந்து சேர்ந்திருந்தார்.

கை முறிந்து வந்த பெண்குரங்கு அது. எலும்பு கூடிவிட்டது. எதிரே பலா மரத்தில் அதன் கூட்டம் காத்திருந்தது. காலையில் அவை கூப்பிடும். கூண்டுக்குள்ளிருந்து இது பதில் கொடுக்கும்.

கமலினி சுவரைக் காட்டினாள். ஆரோக்கியமான குரங்கின் ரத்த அளவுகள் சார்ட்டாக ஒட்டியிருந்தன.

“இதோட ரத்தமும் அதுக்குள்ள வந்தாத்தான் விடலாம்ணே. மேலிடத்து உத்தரவு.”

வலை போட்டுப் பிடித்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நூற்றறுபது. வெள்ளணுக்களும் எகிறியிருந்தன.

“நோயில்லை. பயந்திருக்கு, அவ்வளவுதான்,” என்றார் மாசிலாமணி.

“ஆமாண்ணே. நாலு பேர் வலை வீசி உங்களை அமுக்கினா என்ன காட்டும்ணே?”

“நான் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை விழுங்குறவன். என்னை விடுங்க.”

அவள் சிரிக்கவில்லை.

“சார்ட்டுல இருக்கிற குரங்குங்க மட்டும் பயப்படலையா?” என்றார்.

“அதெல்லாம் கூண்டுல பிறந்து பழகினதுண்ணே.”

“பயம் போனா அளவு இறங்குமில்ல?”

“இறங்கும்.”

“அப்போ நான் போக்குறேன்.”

கமலினி பலா மரப் பக்கம் திரும்பினாள்.

“பயத்தோட வேற என்னல்லாம் போகும்ணே?”

அவர் அதற்குள் வேர்க்கடலை வாங்கக் கிளம்பிவிட்டார்.

கம்பிக்கு வெளியே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார். முதலில் விரலைக் கடித்தது. பிறகு உள்ளங்கையிலிருந்து எடுத்தது. பிறகு, கடலைக்காக இடக்கையைக் கம்பி வழியே நீட்டி, ஊசி ஏறி இறங்கும்வரை அசையாமல் இருக்கப் பழகியது.

ஒருநாள் காலையில் கூட்டம் கூப்பிட்டது. இது திரும்பாமல் கடலை மென்றது.

“சமத்து,” என்றார் மாசிலாமணி.

மழைக்காலத்துக்கு முன் அதன் சர்க்கரை எழுபத்தெட்டுக்கு இறங்கியது. வெள்ளணுக்கள் சார்ட்டின் நட்டநடுவில் நின்றன.

ரிப்போர்ட்டோடு ஓடினார். “டாக்டரம்மா! வந்திருச்சு!”

அவள் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

“கதவைத் திறங்கண்ணே.”

திறந்தார். தள்ளி நின்றார்.

பலா மரம் காலியாக இருந்தது. எத்தனை நாளாகக் காலி? எல்லாவற்றையும் எண்ணுகிறவர், அதை மட்டும் எண்ணியிருக்கவில்லை.

“போ,” என்றார். “போம்மா.”

குரங்கு வாசல்வரை வந்தது. வெளியே பார்த்தது. உட்கார்ந்தது.

பிறகு அவரைப் பார்த்து இடக்கையை நீட்டியது.