பன்றி கேட்ட எட்டுப் பற்கள்

ஒரு காட்டில், கோடை முற்றி ஓடைகள் எல்லாம் வற்றிப்போன பிறகு, ஒரே ஒரு மடு மட்டும் மிஞ்சியிருந்தது. மழைக்கு இன்னும் நாற்பது நாள் ஆகும். அதுவரை அங்கே இருந்த உயிர்கள் அத்தனைக்கும் அந்த மடுதான்.

மடுவில் தண்ணீர் இல்லாமல் இல்லை. தண்ணீரில் பன்றி இருந்தது. அதுதான் தொல்லை.

அது கூட்டத்தோடு சேராத ஒற்றைக் காட்டுப்பன்றி. விடிந்ததும் மடுவில் இறங்கும். புரளும். சேற்றைக் கலக்கும். அங்கேயே கண்ணயரும். பொழுது சாய்ந்தால்தான் எழுந்து போகும். பிறகு வருகிறவர்களுக்குக் குழம்பு மாதிரி சேறுதான் கிடைக்கும்.

அந்தக் கோடையில்தான் ஒரு புள்ளிமானுக்குக் குட்டி பிறந்திருந்தது. சேற்றுத் தண்ணீரையே நக்கி நக்கி மானுக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி எழுந்து நின்றால் நாலு காலும் நடுங்கின. நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் அது மழையைப் பார்க்காது.

"பன்றியண்ணே, கொஞ்ச நேரம் எழுந்துகொண்டால் நான் குடித்துவிட்டுப் போய்விடுவேன்" என்றது மான்.

"இப்போதுதானே இறங்கினேன்!" என்றது பன்றி.

"காலையில் இறங்கினீர்கள் அண்ணே. உச்சி தாண்டிவிட்டது."

"உன் கணக்குக்கு உச்சி தாண்டியிருக்கும். என் கணக்குக்கு இப்போதுதான்."

இதைக் கரையில் நின்ற யானை கேட்டது. யானை அதிகம் பேசாது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால், சொன்னதுதான்.

"ஆளுக்கொரு கணக்கு இருந்தால் இந்தச் சண்டை தீராது. எல்லோருக்கும் ஒரே கணக்காக ஒன்று வேண்டும்" என்றது யானை.

"நிழலைப் பார்த்துச் சொல்லிவிடலாமே" என்றது மயில்.

"இத்தனை மரங்களுக்கு நடுவில் எது யாருடைய நிழல் என்று நீ சொல்வாயா?" என்று கேட்டது யானை. மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டது.

அப்போது எல்லோரும் முள்ளம்பன்றியைப் பார்த்தார்கள்.

சாய்ந்து கிடந்த ஒரு வேங்கை மரத்தின் வேருக்கு அடியில் முள்ளம்பன்றியின் வளை இருந்தது. அதுதான் வீடு, அதுதான் பட்டறை. கீரிக்குட்டிகளுக்கு உருட்டுவண்டி, முயலின் வளைக்குக் கதவு என்று எதையாவது கடித்துச் செதுக்கிக்கொண்டே இருக்கும்.

"மரத்தில் பற்சக்கரம் வெட்டி ஒரு கடிகாரம் செய்யலாம். பத்து நாள் வேண்டும். கொத்தி துணைக்கு வர வேண்டும்" என்றது முள்ளம்பன்றி.

"நான் எப்போதோ வந்துவிட்டேன், அண்ணா!" என்றது மரங்கொத்தி. அது வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

கடைசியில் முறை இப்படி முடிவானது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நாலு பங்கு. முதல் பங்கு பறவைகளுக்கும் சின்ன உயிர்களுக்கும். இரண்டாவது யானைக்கு. மூன்றாவது மானுக்கு. நாலாவது பன்றிக்கு.

"பிற்பகல்தான் எனக்கு வேண்டும். அப்போதுதான் வெயில் முதுகைச் சுடும்" என்று பன்றியே கேட்டு வாங்கிக்கொண்டது. இரவில் மடு யாருக்கும் இல்லை. தண்ணீர் தெளியட்டும் என்று யானை தன் கூட்டத்தோடு சுற்றிப் படுத்துக்கொள்ளும்.

முள்ளம்பன்றி வேலையைத் தொடங்கியது.

மூன்று கோடை வெயிலில் காய்ந்து கிடந்த ஒரு தேக்குப் பலகையை எடுத்தது. தன் முதுகிலிருந்து இரண்டு முட்களைப் பிடுங்கியது. ஒன்றை நடுவில் குத்தியது. இரண்டையும் நாரால் இணைத்து, இன்னொன்றால் சுற்றி ஒரு வட்டம் போட்டது. அந்த வட்டத்தின் ஓரத்துக்குச் சரியாக ஒரு நாரை அளந்து எடுத்து, அதைப் பாதியாக மடித்தது. பிறகு அதில் பாதி, அதிலும் பாதி. ஐந்து முறை மடித்துப் பிரித்தால் முப்பத்திரண்டு மடிப்பு. மடிப்புக்கு ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு பல்.

முதல் சக்கரம் வீணாகிவிட்டது. கோடுகளை எண்ணிக்கொண்டு வந்த கொத்தி, முதல் கோட்டைக் கடைசியில் இன்னொரு முறை எண்ணி, அந்த இடத்தில் ஒரு பல்லைச் செருகிவிட்டது. முப்பத்துமூன்று பல்.

"ஒரு பல்தானே அண்ணா, கூட இருந்தால் என்ன?"

"ஒரு பல் கூடினால் மற்ற முப்பத்திரண்டும் நின்றுவிடும், கொத்தி."

அந்தச் சக்கரத்தைக் கீரிக்குட்டிகள் உருட்டிக்கொண்டு போய்விட்டன.

இரண்டாவது சக்கரம் நன்றாக வந்துகொண்டிருந்தது. அதோடு சேர்ந்து சுற்ற எட்டுப் பல் வைத்த ஒரு சின்னச் சக்கரம். பெரியது ஒரு சுற்று வருவதற்குள் சின்னது நாலு சுற்று வரும். சின்னதுக்கு ஒரு சுற்று முடிந்தால் ஒருவர் பங்கு முடிந்தது என்று கணக்கு. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று சக்கரங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஊசல். மணல் நிரப்பிய ஒரு விளாங்காய் ஓட்டைக் குச்சியில் கட்டி ஆடவிட்டால், ஆட்டத்துக்கு ஒரு பல்லாகக் கடைசிச் சக்கரம் நழுவும். அச்சுகள் கருங்காலி. துளை போட்டது எல்லாம் கொத்தி.

ஏழாம் நாள், பெரிய சக்கரத்தில் இருபத்துநாலு பல் வெட்டி முடித்திருந்தபோது, வளை வாசலை ஏதோ அடைத்துக்கொண்டது. பன்றியின் தலை.

"தம்பி, சௌக்கியமா?"

"சௌக்கியம் அண்ணே."

"நீயும் பன்றி, நானும் பன்றி. முள்ளை எடுத்துவிட்டால் நமக்குள் என்ன வித்தியாசம், சொல்லு?"

"பெயர்தான் அப்படி அண்ணே. பிறப்பில் நான் எலிக்குச் சொந்தம்."

"சரி, எலியாகவே இருந்துவிட்டுப் போ. இதில் என் பற்கள் எவை?"

"கடைசி எட்டு. இன்னும் வெட்டவில்லை."

பன்றி சக்கரத்தை மூக்கால் தடவிப் பார்த்தது.

"எல்லோருக்கும் இப்படி ஒல்லி ஒல்லியாகவா வெட்டியிருக்கிறாய்? என் வாயைப் பார். இந்தக் காட்டில் யாருக்காவது இப்படிப் பல் உண்டா? எனக்கு ஏற்ற மாதிரி பருமனாக வெட்டு. பல் பருத்தால் நகர நேரம் ஆகும். நேரம் ஆனால் மடு என்னுடையது."

"பல் பருத்தால் இடுக்கு குறுகும் அண்ணே. சின்னச் சக்கரத்தின் பல் போய் உட்கார இடம் இருக்காது. சிக்கிக்கொள்ளும்."

"சிக்காமல் செய்வதுதானே உன் வேலை?"

"நான் சொன்னால் மரம் கேட்காது."

"நான் சொன்னால் நீ கேட்பாய் அல்லவா?" பன்றி தன் கோரைப்பல்லை வேங்கை வேரின் கீழே கொடுத்து லேசாகத் தூக்கியது. கூரையிலிருந்து மண் கொட்டியது. "இதைப் பெயர்த்துப் போட எனக்கு ஒரு மூச்சு போதும். வளையும் போகும், சக்கரமும் போகும், மானுக்கு மடுவும் போகும். என்ன சொல்கிறாய்?"

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்து நின்றன. பிறகு மெதுவாகப் படிந்தன.

"சிக்கும் என்று சொல்லிவிட்டேன் அண்ணே. இன்னொரு முறை கேட்கிறேன். பருமனாகத்தான் வேண்டுமா?"

"பருமனாகத்தான்."

"சரி."

பன்றி போனதும் கொத்தி உத்தரத்திலிருந்து இறங்கி வந்தது.

"அண்ணா! எட்டையும் பருமனாக வெட்டினால் இது சுற்றாதே!"

"சுற்றும்வரை சுற்றும்" என்றது முள்ளம்பன்றி.

கோடுகளை அது மாற்றவில்லை. அதே முப்பத்திரண்டு கோடுகள்தான். கடைசி எட்டில் மட்டும் கோட்டின் இரண்டு பக்கமும் மரத்தை எடுக்காமல் தடியாக விட்டது.

பத்தாம் நாள் மடுக்கரை நாவல் மரத்தில் கடிகாரம் ஏறியது. பெரிய சக்கரத்தின் அச்சில் கயிறு சுற்றி, கயிற்றின் நுனியில் ஒரு கல். யானை அதைத் துதிக்கையால் தூக்கிவிட்டது. முன்பக்கம் ஒரு மரப்பட்டை, அதில் நாலு கோடுகள். நேரம் காட்டும் முள், முள்ளம்பன்றியின் முதுகிலிருந்து வந்ததுதான்.

"தன் பங்கின் கோட்டுக்கு முள் வரும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. சம்மதமா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

எல்லோருக்கும் முன்னால் பன்றி கத்தியது. "சம்மதம்! முள் வராமல் எவன் கால் வைத்தாலும் யானையம்மா அவனைத் தூக்கி எறியட்டும்! ஒருவரையும் விடக் கூடாது!"

சொல்லும்போது அது மானைப் பார்த்தது.

"அப்படியே ஆகட்டும்" என்றது யானை.

டக்... டக்... டக்... என்று விளாங்காய் ஆடத் தொடங்கியது.

முதல் பங்கில் முயலும் மயிலும் கீரிகளும் குடித்தன. இரண்டாவது பங்கில் யானை குடித்துக் குளித்துவிட்டு, கரையில் ஏறிக் காவலுக்கு நின்றது. மூன்றாவது கோட்டுக்கு முள் வந்தபோது மான் தன் குட்டியை முட்டி முட்டி நடத்திக்கொண்டு வந்தது. தெளிந்த தண்ணீரில் குட்டியின் முகம் தெரிந்தது. அது தன்னையே பார்த்துப் பயந்து பின்வாங்கி, பிறகு குடித்தது.

பன்றி கரையில் தயாராக நின்றது. முள் நாலாவது கோட்டை நெருங்கியது. இன்னும் ஒரு முடி அளவுதான்.

டக்... டக்... ட.

விளாங்காய் அசையாமல் தொங்கியது. இருபத்தைந்தாவது பல்லின் தோளில் சின்னச் சக்கரம் முட்டிக்கொண்டு நின்றது.

பன்றி காலைத் தூக்கியது.

"முள் வரவில்லை" என்றது யானை.

"ஒரு முடி அளவுதானே யானையம்மா!"

"ஒரு முடி அளவு வரவில்லை."

"கடிகாரம் நின்றுவிட்டது! தெரியவில்லையா?"

"எனக்குச் சக்கரம் தெரியாது. முள் தெரியும். முள் மானின் பங்கில் நிற்கிறது."

அன்று பொழுது சாயும்வரை மானும் குட்டியும் மடுவில் நின்றன. பன்றி முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றது. அதன் முதுகுச் சேறு காய்ந்து வெடித்து, ஓடு ஓடாக உதிர்ந்தது.

ஒவ்வொரு விடியலிலும் முள்ளம்பன்றி சின்னச் சக்கரத்தை விலக்கிப் பிடிக்கும். யானை கல்லை மேலே தூக்கும். பெரிய சக்கரம் பின்னோக்கிச் சுழன்று முதல் பல்லில் வந்து நிற்கும். இரண்டாம் நாளும் அப்படியே செய்தார்கள். இரண்டாம் நாளும் முள் மூன்று பங்கைக் கடந்து, அதே முடி அளவில் நின்றது.

பன்றி ஈரக் கிழங்குகளைத் தோண்டித் தின்று நாக்கை நனைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் கிழங்கும் அகப்படவில்லை. முள் நின்றதும் அது தள்ளாடிக்கொண்டு நாவல் மரத்தடிக்குப் போனது.

"தம்பி..." அதன் குரல் கரகரத்தது. "யாருக்கும் தெரியாமல் ஒரு தட்டு தட்டிவிடேன்."

"தட்டினால் இன்னும் இறுகும் அண்ணே. பல்லைத் தேய்த்து மெலிசாக்க வேண்டும். அதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஏன் கழற்றுகிறாய் என்று யானையம்மா கேட்பார்கள். நான் என்ன சொல்லட்டும்?"

"என்னவாவது சொல்லு!"

"சொல்லத் தெரியாதே. நீங்களே சொல்லிவிடுங்கள்."

பன்றி மடுவைப் பார்த்தது. தண்ணீர் அத்தனை தெளிவாக இருந்தது. அது கண்ணை இறுக மூடிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தியது.

"என் பற்கள் பருத்துவிட்டன! அவற்றைத் தேய்த்து மெலிசாக்கு!"

"எவற்றை? வாயில் இருப்பவற்றையா?" என்று கேட்டது மயில்.

"சக்கரத்தில் இருப்பவற்றை! நான்தான் கேட்டு வாங்கினேன்! போதுமா?"

கரை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. கொத்தி சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்து நழுவியது. யானை மட்டும் சிரிக்கவில்லை.

"கழற்று" என்றது அது.

முள்ளம்பன்றி சக்கரத்தை மடியில் வைத்து, சொரசொரப்பான பிராய் இலையால் எட்டுப் பற்களையும் தேய்த்தது. ஒவ்வொன்றாக, கோட்டின் இரண்டு பக்கமும் சமமாக. பன்றி ஒவ்வொரு பல்லையும் எண்ணிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சக்கரத்தைத் திரும்ப நின்ற பல்லிலேயே பொருத்தி, முள்ளம்பன்றி விளாங்காயை ஒரு விரலால் தள்ளியது.

டக்... டக்...

முள் அந்த ஒரு முடி அளவைத் தாண்டியது.

மான் குட்டியோடு கரையேறி வழிவிட்டது. பன்றி இறங்கி, மூச்சு விடாமல் குடித்தது. வயிறு நிறைந்தது. புரண்டது. முதுகு குளிர்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது அதன் பங்கில் இன்னும் இரண்டு பல் மிச்சம் இருந்தது.

நீதி: எல்லோருக்கும் பொதுவான அளவில் தன் பங்கை மட்டும் பருக்கச் செய்பவன், தனக்கு உள்ள பங்கையும் வரவிடாமல் நிறுத்திக்கொள்கிறான்.