எள்ளுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

ரொம்பப் பழைய காலம் இல்லை. மதுரையில் துரைக்கண்ணு என்பவரின் கம்ப்யூட்டர் கடையில், கணினிக்குள் ஒரு பெட்டியில், குறிகள் எல்லாம் கூட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. நட்சத்திரம், ஆச்சரியக்குறி, கிரீடம் என்று நிறைந்த வீடு. அதில் ஒன்றுக்கு மட்டும் இருப்புக் கொள்ளாது. வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து, ®. ஆர் வட்டம் என்று அதைக் கூப்பிட்டார்கள்.

அரசாங்கத்தில் பதிவான வியாபாரச் சின்னத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான் அது உட்காரலாம். துரைக்கண்ணு கடைக்கு வந்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும்தான். மற்றவை தினம் வேலைக்குப் போய்வர, ஆர் வட்டம் சும்மா உருண்டுகொண்டு கிடந்தது.

"ஒரு கண்ணீர் அஞ்சலிக்குக்கூட என்னைக் கூப்பிட மாட்டேங்கிறாங்களே!"

"உன்னைக் கூப்பிட்டா, செத்தவரை யாரும் காப்பியடிக்கக் கூடாதுன்னு ஆயிரும்," என்றது ஆச்சரியக்குறி. பெட்டியே சிரித்தது. ஆர் வட்டத்துக்கு அழுகை வந்தது.

ஒரு நாள் காலையில் சௌந்தரம் கடைக்கு வந்தாள். ‘மணம் அப்பளம்’ அவளுடையது. அவள் குடியிருந்த காம்பவுண்டில் ஆறு வீட்டுக்காரர்களும் ஒரே மொட்டை மாடியில்தான் அப்பளம் காயப்போடுவார்கள். யாருடையது எது என்று தினமும் சண்டை. சௌந்தரம் ஒரு வழி கண்டுபிடித்தாள். தேய்த்த ஒவ்வொரு அப்பளத்தின் நடுவிலும் ஒரே ஒரு கறுப்பு எள்ளை விரலால் அழுத்திவிட்டாள். பதினோரு வருஷமாக அதுதான் பழக்கம். கவரில் ஒட்டும் லேபிளிலும் மஞ்சள் அப்பளம், நடுவில் ஒரு கறுப்பு எள்.

இப்போது வேறொருவர் அதே மஞ்சள் கவரில், அதே பெயரில், எள் இல்லாத மட்டமான அப்பளத்தை விற்கத் தொடங்கியிருந்தார். வாடிக்கைக்காரர்கள் கவரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்து, சௌந்தரத்திடம் வந்து சத்தம் போட்டார்கள். நாலு கடைக்காரர்கள் சரக்கு வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

"சின்னத்தைப் பதிஞ்சாத்தாண்ணே இனிமே என்னால தொழில் பண்ண முடியும்," என்றாள் அவள். "ஆபீசுக்குப் போறது. பாக்க நல்லா கவுரவமா இருக்கணும்."

பதிவுப் பேச்சு காதில் விழுந்ததுதான் தாமதம், ஆர் வட்டம் எழுந்து நின்றுவிட்டது.

துரைக்கண்ணு லேபிளை ஸ்கேன் செய்தார். திரையில் எள் பெரிதாகத் தெரிந்தது. "நடுவுல இது என்னம்மா கறுப்பா? அழுக்கா?"

சௌந்தரத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. மொட்டை மாடிச் சங்கதியை எல்லாம் ஆபீஸ் காகிதத்தில் எப்படிக் காட்டுவது? "எள்ளுண்ணே. நல்லா இல்லேன்னா எடுத்துருங்க."

கூட்டுக் குடித்தனம் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்தது. நட்சத்திரம் பெயருக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டது. கிரீடம் தலையில் ஏறியது. ஆச்சரியக்குறி ஒன்றுக்கு மூன்றாக வந்தது. ஆர் வட்டம் எல்லோரையும் தாண்டி நேரே எள்ளிடம் போனது.

"நகரு, நகரு. ஆபீசுக்குப் போற இடம். நீ எதுக்கு இங்கே?"

எள் சௌந்தரத்தை ஒரு தரம் பார்த்தது. அவள் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எள் நகர்ந்துவிட்டது. துரைக்கண்ணு அந்த இடத்தில் மஞ்சளை அடித்து மூடிவிட்டு, ஓரத்தில் ஆர் வட்டத்தை உட்கார வைத்தார்.

"இப்பத்தான் கம்பெனி மாதிரி இருக்கு," என்றார். சௌந்தரத்துக்கு வாயெல்லாம் பல்.

விண்ணப்பம் பதிவு அலுவலகத்துக்குப் போனது. வேலை கிடைத்தும் ஆர் வட்டத்துக்கு நிம்மதி இல்லை. எப்போது கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நட்சத்திரம் வேறு முகம் வாடிப் போய்விட்டது. அங்கே எந்தக் கோப்பைத் திறந்தாலும் உள்ளே அதே நட்சத்திரம். மிக்சர் பாக்கெட்டில் ஒன்று, கொசுவர்த்தியில் ஒன்று, பனியனில் ஐந்து.

மூன்றாம் மாதம் பதிவு அலுவலகத்தின் ஆட்சேபக் கடிதம் வந்து நின்றது. சிரிக்காத முகம்.

"நீ யாரோட ஆளு?" என்று நட்சத்திரத்தைக் கேட்டது.

"மணம் அப்பளத்தோட ஆளு."

"கொசுவர்த்திக்காரரும் உன்னைத் தன் ஆளுன்னுதானே எழுதியிருக்காரு? தள்ளி நில்லு."

கிரீடம் தானாகவே இறங்கிக்கொண்டது. ஆச்சரியக்குறிகள் மூன்றும் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டன. கடிதம் ஆர் வட்டத்திடம் வந்தது.

"பதிவே ஆகலை. நீ எப்படி வந்தே?"

"எப்படியும் ஆகத்தானே போகுது? கொஞ்சம் முன்கூட்டியே..."

"நிச்சயமே ஆகாத கல்யாணத்துக்கு வந்து பந்தியில உக்காந்திருக்கே. நீ இங்கே இருக்கிறதே பொய். சட்டப்படி குற்றம்." கடிதம் பெயரைப் பார்த்தது. "மணம்னு எந்த அப்பளக்காரரும் சொல்லிக்கலாம். இந்தம்மாவுக்குன்னு இதுல என்னதான் இருக்கு?"

அவளுக்கென்று இருந்த ஒரே எள்ளைத் தள்ளிவிட்டுத்தான் இங்கே வந்தோம் என்பது ஆர் வட்டத்துக்கு உறைத்தது.

சௌந்தரம் பதில் எழுதிப் பார்த்தும் நடக்கவில்லை. வீடியோவில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். துரைக்கண்ணுவின் கணினி முன்னால்தான் சௌந்தரம் உட்கார்ந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி அம்மாள். சரக்கு எடுக்கிற கடைக்காரர்களில் மூன்று பேர்தான் சௌந்தரத்துக்கு மிச்சம்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் அதிகாரி. "உங்க அப்பளத்தையும் வேறொருத்தர் அப்பளத்தையும் கலந்து கொட்டிட்டா, எது உங்களோடதுன்னு எப்படிச் சொல்வீங்க?"

"எள்ளைப் பாத்துத்தாம்மா," என்றாள் சௌந்தரம், யோசிக்கவே யோசிக்காமல். "நடுவுல ஒத்தை எள்ளு இருந்தா என்னுது. வாங்குறவுகளுக்கும் அது தெரியும்."

"எந்த எள்ளு? படத்துல எள்ளே இல்லையே?"

சௌந்தரம் திரையில் இருந்த தன் சின்னத்தைப் பார்த்தாள். நட்சத்திரம் இருந்தது, கிரீடம் இருந்தது. அவளுடையது எதுவும் இல்லை. "நாந்தாம்மா எடுக்கச் சொன்னேன்," என்றாள்.

அதிகாரி கோப்பை மூடினார். "இந்த விண்ணப்பத்துல புதுசா எதையும் சேர்க்க முடியாது. இது தள்ளுபடியாயிரும். எள்ளோட புதுசாப் போடுங்க. வேற எதையும் ஒட்டாதீங்க."

துரைக்கண்ணு இழுப்பறையிலிருந்து பழைய லேபிளைத் தேடி எடுத்தார். திரையில் மறுபடியும் எள் வந்தது. நட்சத்திரமும் கிரீடமும் பெட்டிக்குள் திரும்பின. ஆர் வட்டமும் திரும்பியது, போகிற வழியில் எள்ளை நிமிர்ந்து பார்க்க முடியாமல்.

அதற்குப் பிறகு ஒன்றே முக்கால் வருஷம். ஆர் வட்டம் அத்தனை நாளும் உருண்டது, புரண்டது, கடைக் கதவு திறக்கும் போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. வேலை கிடைக்காதோ என்ற பயம் பாதி, கிடைத்தால் எள்ளின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் மீதி.

ஒரு நாள் சௌந்தரம் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணே, பதிவாயிருச்சு! இப்பப் போடலாம்ல அதை?"

ஆர் வட்டம் லேபிளுக்கு வந்தது. எள்ளுக்குப் பக்கத்தில் தயங்கி நின்றது.

"நான் எங்கே நிக்கட்டும்?"

"எங்கே வேணா நில்லு," என்றது எள்.

"உன்னை நகரச் சொன்னேனே. கோபம் இல்லையா?"

"நீ சொன்னதுல கோபம் இல்லை. நான் நகர்ந்தேனே, அதுலதான்."

ஆர் வட்டம் பெயருக்குக் கீழே, மூலையில், முடிந்த மட்டும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

புது லேபிள் ஒட்டிய கவர்கள் மளிகைக் கடைக்குப் போயின. முன்பு ஒரு தரம் ஏமாந்த ஓர் அம்மாள் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே அப்பளத்தின் நடுவே எள்ளைத் தேடினாள். இருந்தது. சந்தேகம் தீராமல் அடுத்த அப்பளத்திலும் பார்த்தாள். இருந்தது. கவரைக் கூடையில் போட்டாள்.

அவ்வளவு நேரமும் அவளுடைய கட்டைவிரல் ஆர் வட்டத்தை முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது. ஆர் வட்டம் அசையவே இல்லை.