டிஸ்க்கில் மிஞ்சிய ஒரு வரி

ரத்த வங்கிக் கம்ப்யூட்டர் சிஸ்டர் முத்துப்பேச்சியை உள்ளே விடவில்லை. கோளாறு அவ்வளவுதான். மற்றதெல்லாம் கூச்சல்.

ஓர் ஆஸ்பத்திரி. அங்கே ஜன்னலில்லாத குளிர் அறை ஒன்றில் டைரக்டரி என்று ஒரு சர்வர் இருந்தது. வேலை பார்க்கிற அத்தனை பேரின் பெயரும் கடவுச்சொல்லும் அதன் பொறுப்பு. அது தலையாட்டினால்தான் கம்ப்யூட்டர் திறக்கும். கம்ப்யூட்டர் திறந்தால்தான் ரத்தம் வைத்த குளிர்பெட்டி திறக்கும்.

டைரக்டரியிடம் நாலு வேலையாட்கள். வந்தவரை உள்ளே கூப்பிடுவது இணைப்பு. பெயரைத் துழாவி எடுப்பது தேடல். இன்னொரு சர்வருக்குப் படியெடுத்து அனுப்புவது நகல். விதியைப் பார்த்து, விடலாமா கூடாதா என்று சொல்வது அனுமதி. இவர்கள் சொல்வதை எழுதுகிறவன் லாக். அவன் எழுதுகிற இடம் டிஸ்க். டிஸ்க் அதிகம் பேசாது.

சாதாரண நாளில் நாலு பேரும் வாய் திறக்கக் கூடாது. தலைபோகிற காரியம் என்றால் டைரக்டரி ஒரு வார்த்தை சொல்லும், லாக் எழுதுவான். மற்றபடி ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனி சுவிட்ச். சுவிட்செல்லாம் சர்வரைக் கவனிக்கிற அமலோற்பவத்தின் கையில்.

அன்று மத்தியானம் பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பை ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். முத்துப்பேச்சி கடவுச்சொல்லைத் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். ம்ஹூம். பெட்டியை உடைக்க ஒருவன் கடப்பாரை தேடி ஓடினான். அவள் விடாமல் தட்டிக்கொண்டே அமலோற்பவத்துக்குப் போன் போட்டாள்.

"எந்தப் பய கெடுத்தான்னு இப்பம் தெரியணும்" என்று அமலோற்பவம் நாலு சுவிட்சையும் ஒரே மூச்சில் தட்டிவிட்டாள்.

நாலு வாயும் ஒன்றாகத் திறந்தன.

"அண்ணாச்சி, எழுதும்! சீட்டு போடுற இடத்துலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. போனாரு. இன்னொருத்தர் வந்தாரு" என்றது இணைப்பு.

"முத்துப்பேச்சி இருக்கா. முப்பிடாதி இருக்கா. முருகையா ரிட்டையர் ஆகிட்டாரு, பேரு மட்டும் இருக்கு" என்றது தேடல்.

"நேத்து அனுப்புன படி போய்ச் சேந்துட்டு. எழுதுனீரா, இல்லையா?" என்றது நகல்.

"விடலாம். விடலாம். கூடாது. விடலாம்" என்றது அனுமதி.

லாக் எழுதினான். கை ஓய எழுதினான். எது கோளாறு, எது வெட்டிப் பேச்சு? ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் ஒரே தொண்டையில்தான் கத்துகிறார்கள். எல்லாருமே தன் காரியம்தான் பெரிசு என்கிறார்கள்.

திரையில் வரிகள் பறந்தன. ஓடுகிற ரயிலிலிருந்து ஸ்டேஷன் பெயர் படிக்கிற மாதிரி அமலோற்பவம் முழித்தாள். "என்ன எழவு இது! ஒரு மண்ணும் புரியலயே!"

லாக் டைரக்டரியைக் கேட்டான். "ஐயா, இதுல எதுதான் விஷயம்?"

"எனக்கே பிடிபடலடே. எல்லாவனும் வேலைய ஒழுங்காச் செஞ்சதாத்தான சொல்லுதான்."

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. டிஸ்க்.

"ஓய். நிறுத்தும்."

"ஏன்?" என்றான் லாக்.

"இடம் இல்ல."

"எவ்வளவு பாக்கி?"

"ஒரு வரி."

"ஒரு வரியா! அங்க ஒரு உசிரு..."

"ஒரு வரிதான். அதையும் குப்பையப் போட்டு ரொப்பிராதேயும்."

நாலு பேரும் முண்டியடித்தார்கள். "என்னுத எழுதும்! என்னுத எழுதும்வே!"

லாக் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து சொன்னதை எழுதித்தான் பழக்கம். கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்டான்.

"முத்துப்பேச்சிக்குக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

கூச்சல் நின்றது.

"நான் வாங்கன்னுதான் கூப்பிட்டேன்" என்றது இணைப்பு.

"நான் பேர எடுத்துக் குடுத்துட்டேன்" என்றது தேடல்.

"எனக்கும் அந்தப் பொம்பளைக்கும் சம்பந்தமே கிடையாது" என்றது நகல்.

"நான்தான் சொன்னேன். அதுக்கென்ன இப்பம்?" என்றது அனுமதி. "அப்பமே சொன்னேன்லா. நீரு எழுதக்கூட செஞ்சீரு."

"ஏன் கூடாது?"

"காலைல ஒரு விதி வந்துச்சு. ரத்த வங்கி ஆளுக புதுக் கட்டடத்துலேர்ந்து வந்தாத்தான் விடணும். இவ பழைய கட்டடத்துலேர்ந்துல்லா வாரா."

லாக் அதை எழுதினான். டிஸ்க் நிறைந்தது. ஓடிக்கொண்டிருந்த திரை நின்றது.

நின்ற திரையின் கடைசி வரியை அமலோற்பவம் படித்தாள். முகம் செத்துப்போயிற்று. குளிர்பெட்டி புதுக் கட்டடத்துக்குப் போவது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. அதற்கான விதியை அன்று காலையிலேயே போட்டுவிட்டவள் அவள்.

எழுதிய குப்பையை அள்ளி எறிந்தாள். விதியை நீக்கினாள். நாலு சுவிட்சையும் அணைத்தாள். எந்தப் பய என்று அதற்கப்புறம் கேட்கவில்லை.

குளிர்பெட்டி திறந்தது. முத்துப்பேச்சி இரண்டு பையையும் அணைத்துக்கொண்டு ஓடினாள். அந்தப் பெண் பிழைத்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி முழுக்க அமலோற்பவத்துக்குப் பாராட்டு. வாய் அடைபட்ட நாலு பேரும் ஆளுக்கு ஆள் தன்னால்தான் என்று முறைத்துக்கொண்டு நின்றார்கள். யாரால் என்று லாக்கை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே பெயரைத்தான் எழுதியிருப்பான்.

டிஸ்க்.