கீற்று முகிலுக்கு ஒரு குடம்

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், மழை மறந்துபோன வெண்குன்ற நாட்டை இடும்பவர்மன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசளிப்பான்; மாலையில் அதற்குத் தீனி போடவில்லையென்று அவனையே சிறையில் தள்ளுவான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். வானத்தில் மேகம் தெரிந்தால் அரண்மனை முரசு முழங்கும். முழங்கிய அன்றே குடிகள் விதைத்துவிட வேண்டும். வந்த மேகத்தைக் காக்கவைப்பது மரியாதைக் குறைவாம். மழை தவறாத காலத்து வழக்கம் அது. இப்போதோ முரசு முழங்கும், விதைப்பார்கள், விதை மண்ணுக்குள்ளேயே வெந்துபோகும். கடைசியில் அரண்மனைக் களஞ்சியத்து விதைநெல் மட்டும்தான் நாட்டுக்கே மிச்சம். அதுவும் போனால், மழை வந்தாலும் விதைக்க ஒன்றுமிருக்காது. அமைச்சர் வேள்நம்பிக்கு இரவும் பகலும் அதே கவலை.

ஒரு நாள் காலை அவைப்புலவர் மருதாசலக் கவிராயர் அவைக்குள் ஓடிவந்தார். அமைச்சரைக் கண்டாலே வயிறெரிகிறவர்.

"மன்னா, வானத்தில் வெள்ளைக் கீற்றுகள். தேவர்கள் உங்களுக்கு வெண்சாமரம் வீசுகிறார்கள். பொழுது சாய்வதற்குள் மழை."

அரசன் முகம் மலர்ந்தது. "முரசை அடிக்கச் சொல்."

"அரசே, அது மழை மேகமில்லை," என்றார் வேள்நம்பி.

"அமைச்சர் வாயில் நல்ல வார்த்தை வராது மன்னா. மழை வந்துவிட்டால் இவர் ஆலோசனையை யார் கேட்பார்கள்?"

அவை சிரித்தது. அரசனும் சிரித்தான். இனி வாதாடிப் பயனில்லை என்று அமைச்சருக்குப் புரிந்துவிட்டது.

"கவிராயர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மேகத்தை முதலில் கண்டவருக்கு முதல் மரியாதை வேண்டாமா? அது தரும் தண்ணீரை முதலில் அவர் குடிக்கட்டும், பிறகு முரசு முழங்கட்டும். அதுவரை வேறு தண்ணீர் அவர் நாக்கில் படக்கூடாது."

அரசனுக்கு ஒரே குஷி. "தங்கக் குடத்தை எடுத்துவாருங்கள்."

மொட்டைமாடியில் கவிராயர் குடத்தை ஏந்தி நின்றார். அரசன் குடை நிழலில் அமர்ந்து வேடிக்கை பார்த்தான். உச்சி வெயில் ஏறியது.

"என்ன கவிராயரே, சாமரம் சொட்டுகிறதா?"

"வந்துகொண்டே இருக்கிறது மன்னா."

வெயில் சாயும் வேளையில் குடம் கையிலிருந்து நழுவியது. கவிராயர் முழங்காலில் சரிந்தார். "அதில் மழை கிடையாது மன்னா. ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்."

"தெரிந்துமா சொன்னாய்?"

"கேட்டால் மகிழ்வீர்களே என்று."

அரசன் தண்ணீர் கொடுக்கச் சொன்னான். கவிராயரின் பொன்னாடையை உருவி, தன் குதிரைக்குப் போர்த்தினான். பிறகு அமைச்சரிடம் திரும்பினான். "உமக்கு எப்படித் தெரிந்தது?"

வேள்நம்பி கொதிக்கும் நீர்ப்பானையைக் கொண்டுவரச் செய்து, மேலே குளிர்ந்த நீர் நிறைத்த பித்தளைத் தட்டைப் பிடித்தார். தட்டின் அடியில் முத்துமுத்தாக நீர் அரும்பியது.

"இப்படித்தான் அரசே. வெயில் பட்டுக் கடல்நீர் கண்ணுக்குத் தெரியாத ஆவியாக மேலே போகிறது. அங்கே குளிரில், தூசியைப் பற்றிக்கொண்டு பொடித்துளியாகிறது. கோடித் துளி கூடினால் ஒரு மேகம். கவிராயர் கண்டது கீற்று முகில். எட்டாத உயரத்தில் பனித்துகளாகக் கிடக்கும். அதிலிருந்து ஒரு சொட்டும் தரைக்கு வராது. பஞ்சுப்பொதி மாதிரி மிதப்பது திரள் முகில். கோபுரமாக வளர்ந்தால்தான் நம்பலாம். போர்வையாக விரிகிற படை முகில் தூறலோடு சரி. அடி கறுத்து, மலைபோல் எழுந்து வருகிறதே கார்முகில், அதற்குத்தான் முரசு அடிக்க வேண்டும்."

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். அமைச்சர் அதை வாங்கவில்லை. களஞ்சியச் சாவியைக் கேட்டார். கொடுத்தான்.

"சரி, அந்தக் கார்முகில் எப்போது வரும்?"

"தெரியாது அரசே. எப்படி உண்டாகிறதென்று சொல்வேன். உண்டாக்கத் தெரியாது."

அரசன் எழுந்து உள்ளே போனான்.

வேள்நம்பி சாவியோடு வெளியே வந்தபோது, கோட்டை வாசலில் குடிகள் ஏரும் மாடுமாகக் கூடியிருந்தார்கள். அவர்களும் அந்த வெள்ளைக் கீற்றைப் பார்த்திருந்தார்கள். எலும்பு துருத்திய மாட்டைப் பிடித்தபடி பூவாயி என்பவள் முன்னால் வந்தாள்.

"முரசு எப்ப சாமி அடிப்பீங்க?"

"இன்னைக்கு இல்லை தாயி. அது மழை மேகமில்லை."

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"இல்லாட்டிப் போகுது சாமி. ஒரு தடவை அடிச்சிருங்க. வீட்டுல புள்ளைங்ககிட்டச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கும்."

அரசனை மடக்கத் தெரிந்த வேள்நம்பி முரசை அடிக்கச் சொல்லவில்லை. மடியிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே கீற்று முகில் அதன்பாட்டுக்குக் கலைந்துகொண்டிருந்தது.