உச்சிப்பாறையில் பதினொரு முட்டை

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில் கோழிக்கும் நீண்ட இறக்கை இருந்தது. விரித்தால் ஒரு பாய் அகலம்.

செவலைக் கோழிக்கு இரண்டு சிநேகிதிகள். நெடுங்காலி, வெண்ணி என்று இரண்டு நாரைகள். வெயில் ஏறி, தூவான மலையின் உச்சிப்பாறை தோசைக்கல் மாதிரி காய்ந்ததும் வெதுவெதுப்பாக ஒரு காற்று கிளம்பும். மூவரும் அதில் இறக்கையை விரித்துக்கொண்டால் போதும், அடிக்கவே வேண்டாம். தூளியில் போட்டு ஆட்டுவதுபோல் காற்றே வட்டம் வட்டமாக மேலே கொண்டுபோகும். உச்சிப்பாறை உள்ளங்கையளவாகும், பிறகு புளியங்கொட்டையளவு. மேகம் வயிற்றில் ஈரமாக உரசும். செவலைக்குக் கண் சொருகிவிடும்.

"தூங்கி விழுந்து தொலைக்காதடி" என்பாள் வெண்ணி.

"விழுந்தா உன் கழுத்தைப் பிடிச்சுத் தொங்கிக்கிறேன். கயிறு மாதிரி நீட்டித்தானே வச்சிருக்கே!"

மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி நீலமாகத் தெரியும். மழை விட்டதும் அடிக்கும் முதல் காற்றில் மூவரும் அங்கே போவதென்று பேச்சு. ஒருத்தியை விட்டுவிட்டு மலை தாண்டுவது நாரைகளின் வழக்கமில்லை.

அந்த வருஷம் பார்த்துச் செவலை பாறை இடுக்கில் பதினொரு முட்டை இட்டுவிட்டாள். ஒன்பது வயிற்றுக்கடியில் அடங்கின. இரண்டு வெளியே பிதுங்கின. அவற்றை உள்ளே தள்ளினால் வேறு இரண்டு வெளியே வந்தன. தொட்டால் ஜில்லென்றன.

"ஒன்பது போதாதா? காத்து வந்திடுச்சுடி, கிளம்புற வழியைப் பாரு" என்றாள் நெடுங்காலி.

"எந்த ரெண்டை விடட்டும்? நீயே சொல்லு."

நெடுங்காலி முட்டைகளைக் குனிந்து பார்த்தாள். பிதுங்கிக் கிடந்த இரண்டையும் அலகால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டாள்.

செவலை தன் இறக்கையிலிருந்த நீள இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முட்டைகளைச் சுற்றி அணைவாக வைத்தாள்.

"ஐயோ, அதை வச்சுத்தானேடி பறக்கணும்!" என்று வெண்ணி கத்தினாள்.

"வளர்ந்திடும். நீங்க மேலே சுத்திக்கிட்டிருங்க, இதோ வந்துடுறேன்."

இருபத்தோராம் நாள் பதினொன்றும் பொரிந்தன. இறகும் முளைத்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. செவலை ஓடிவந்து பாறையிலிருந்து குதித்துப் பார்த்தாள். பக்கத்துப் புதர் வரைக்கும்தான் போக முடிந்தது. குஞ்சுகள் அதைப் பெரிய விளையாட்டென்று நினைத்துக் கீச்சுக் கீச்சென்று பின்னாலேயே உருண்டு வந்தன.

தாகமென்று அவற்றை ஓடைக்கு அழைத்துப் போனாள். குனிந்து ஒரு வாய் மொண்டபோது, தண்ணீருக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. சட்டென்று அண்ணாந்தாள். 'நீங்க போங்கடி' என்று சொல்லத்தான் நினைத்தாள். வாயில் தண்ணீர். விழுங்கி முடித்தபோது சொல்ல மனம் வரவில்லை.

அந்த ஒரு வாய்த் தண்ணீரில் தொடங்கியதுதான் எல்லாம். நாரைகள் இன்றைக்கும் மலை தாண்டுவதற்கு முன் உச்சிமேல் வெகுநேரம் வட்டமிடுகின்றன. கோழி ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் ஒருதரம் தலையைத் தூக்கி, அவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறது.